மஞ்சள் மாத்திரைக்குப் பேரம்

கனகராஜ் அண்ணாச்சியின் பட்டுக்கடையில் கல்லாவுக்கு மேலே லட்சுமி படம் இருக்கும். லட்சுமிக்கும் மேலே ஒரு பலகை: 'ஒரே விலை. பேரம் பேசாதீர்கள்.' உஸ்மான் ரோட்டிலிருந்து பிரியும் அந்தச் சந்துக்குப் பலகையை நம்பி வந்து, சொன்ன விலையைக் கொடுத்துவிட்டுப் போன கல்யாண வீடுகள் ஏராளம். பலகையை மாட்டியவர் மட்டும் அதை நம்பியதில்லை. கடைப்படியை விட்டு இறங்கிவிட்டால் அண்ணாச்சி விலை பேசாத பொருள் உலகத்தில் கிடையாது. ஒருமுறை பல் பிடுங்கப் போன இடத்தில், ஒரு பல்லுக்குச் சொன்ன கூலிக்கு இரண்டு பல்லைப் பிடுங்கிக்கொண்டு வெற்றியோடு வீடு திரும்பினார். இரண்டாவது பல்லில் எந்தக் குறையும் இல்லை.

மகன் வெங்கடேஷுக்கு அப்பாவின் வாய் வரவில்லை. பேரம் பேசக் கூச்சப்படுவான். ஆனால் தள்ளுபடி என்று யாராவது தாமாகவே கொடுத்தால் விடமாட்டான். இந்த வீட்டில் நடந்த கலவரம் முழுவதற்கும் அந்த அரைகுறை ரத்தம்தான் காரணம்.

வெங்கடேஷின் மனைவி சரண்யா திருவான்மியூர்ப் பெண். கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகிறது. கடையின் மாடியில் கேமராவுக்கு முன்னால் நின்று சேலையை விரித்துக் காட்டி, துபாயிலும் டொராண்டோவிலும் இருக்கும் அக்காமார்களுக்கு விற்பது அவள் வேலை. "முந்தி தெரியலையா சிஸ்டர், இதோ பாருங்க" என்று அவள் ஒரு சுழற்று சுழற்றினால் மூன்று சேலை போய்விடும். கல்லாவில் உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சிக்கு இதில் பெருமை உண்டு. மருமகள் முகத்துக்கு நேராக மட்டும் சொன்னதில்லை. சொன்னால் சம்பளம் கேட்பாள் என்று பயம்.

இனிப் பிள்ளை பெற்றுக்கொள்ளலாம் என்று இருவரும் முடிவு செய்ததும், சரண்யா செய்த முதல் காரியம் அடையாறில் வைதேகி என்ற மகப்பேறு மருத்துவரைப் பார்க்கப் போனது. டாக்டர் இரண்டு குடும்பத்துக் கதையையும் விசாரித்தார். சரண்யா பக்கத்தில் சர்க்கரை, கொஞ்சம் ரத்தக்கொதிப்பு. வெங்கடேஷ் பக்கத்தில் என்ன என்று கேட்டபோது அவன் மின்விசிறியைப் பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான். தனக்கு முன்னால் ஓர் அக்கா பிறந்தாள். முதுகு மூடாமல் பிறந்து, ஒரு நாள் இருந்து, போய்விட்டாள். கிரகண நேரத்தில் அம்மா வெளியே வந்து காய் நறுக்கியதால் அப்படி ஆனது என்று வீட்டில் சொல்வார்கள்.

சரண்யாவுக்கு இது அதுவரை தெரியாது. ஆனால் கிரகணத்தன்று மாமியார் சண்முகவடிவு உள்ளறையை விட்டு வெளியே வராமல், கத்தியைத் தொடாமல், பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறாள். பக்தி என்று நினைத்திருந்தாள்.

டாக்டர் வைதேகி சீட்டில் எழுதிக்கொண்டே விளக்கினார். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் முதலில் ஒரு தட்டைபோலக் கிடந்து, பிறகு சுருண்டு குழாயாக மூடிக்கொள்ளும். கரு உண்டாகி நாலு வாரத்துக்குள் அந்த வேலை முடிந்துவிடும். நாள் தள்ளிப்போயிற்றே என்று அம்மாக்காரி விழித்துக்கொள்வதற்குள் பாதிக் கட்டடம் எழும்பியிருக்கும். அந்த வேலைக்கு வேண்டிய சத்துதான் ஃபோலிக் ஆசிட். அதன் இயற்கை வடிவம் கீரை, பயறு, கொண்டைக்கடலை, ஆரஞ்சு எல்லாவற்றிலும் இருக்கிறது. அவற்றையும் சாப்பிடத்தான் வேண்டும். ஆனால் இந்த நேரத்துக்குச் சாப்பாட்டை மட்டும் நம்பி உட்கார முடியாது. இந்தக் குடும்பக் கதையைக் கேட்ட பிறகு கட்டாயம் முடியாது. மூன்று மாதம் முன்கூட்டியே தினமும் ஒரு மாத்திரை. பிள்ளை உண்டான பிறகும் மூன்று மாதம். முதல் மூன்று மாதம் முடியும்வரை பிள்ளை உண்டாகிவிடாமல் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

சரண்யா அன்றே மனதில் முடிச்சுப் போட்டுவிட்டாள். மூன்று மாதம் ஒரு நாள் விடாமல் விழுங்கிவிட்டுத்தான் அடுத்த பேச்சு. தன் பிள்ளையின் முதுகைக் கிரகணத்தின் கையில் கொடுப்பதாக இல்லை. வீட்டில் சொல்ல வேண்டாம் என்றும் தீர்மானித்தாள். சொன்னால் காரணம் சொல்ல வேண்டும். காரணம் சொன்னால் முப்பது வருஷத்துக்கு மேலாக மூடிவைத்த பெட்டியை மாமியார் முன்னால் திறக்க வேண்டும்.

மாத்திரை வாங்கும் பொறுப்பு வெங்கடேஷுடையது. சென்னையில் தடுக்கி விழுந்தால் மருந்துக்கடை. அசோக் நகரில் அவர்கள் வீட்டைச் சுற்றி மட்டுமே அரை டஜன் இருக்கும். அவனை யாரென்றே தெரியாத கடைக்காரர்கள் ஊர் முழுக்க இருக்கிறார்கள். அதையெல்லாம் விட்டுவிட்டு அவன் நேராகப் பட்டுக்கடைக்கு எதிரிலிருக்கும் தௌசீஃப் பாய் மருந்துக்கடைக்குப் போனான். ஏனென்றால் தௌசீஃப் இவர்கள் குடும்பத்துக்குப் பத்து சதவீதம் தள்ளுபடி தருவார். அந்த மஞ்சள் மாத்திரை அட்டையின் விலையே ஒரு மசால் வடையைத் தாண்டாது. அதில் பத்து சதவீதம் என்றால் வடையில் உதிரும் தூள். அந்தத் தூளுக்காக மனைவியின் ரகசியத்தை விற்றுவிட்டு வந்தான்.

இரண்டாவது வாரம் அண்ணாச்சி தன் ரத்தக்கொதிப்பு மாத்திரை வாங்கப் போனார். தௌசீஃப் புதுப்பேட்டையில் பிறந்து வளர்ந்தவர். நல்ல மனுஷன், ஆனால் வாய்க்குப் பூட்டு கிடையாது.

"இன்னா அண்ணாச்சி, வூட்ல விசேஷம்லாம் கீது, நம்மளுக்கு ஒரு வார்த்த சொல்லல" என்றார் தௌசீஃப்.

என்ன விசேஷம் என்று அண்ணாச்சி கேட்டார். தௌசீஃப் கண்ணைச் சிமிட்டி, மாசமான பெண்களுக்குக் கொடுக்கும் மஞ்சள் மாத்திரையைத் தம்பி வந்து வாங்கிப் போனதைச் சொன்னார். அண்ணாச்சி ரத்தக்கொதிப்பு மாத்திரையைக் கல்லா மேலேயே மறந்துவிட்டுத் தெருவைக் கடந்தார். ஹாரன் அடித்த ஆட்டோக்காரனைப் பார்த்துச் சிரித்தாராம். அதை நேரில் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் ஒருத்தி உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததும், கடையிலேயே ஒசந்த பச்சைப் பட்டு ஒன்றை ரேக்கிலிருந்து இறக்கி, மஞ்சள் தடவி, இரும்புப் பெட்டியில் லட்சுமி காலடியில் வைத்துவிடுவார்கள். அது வளைகாப்புச் சேலை. உள்ளே போன சேலை எக்காரணம் கொண்டும் ரேக்குக்குத் திரும்பக் கூடாது, விற்கக் கூடாது, வேறொருத்தி கட்டவும் கூடாது. அண்ணாச்சி அன்று மதியமே ஏணி போடச் சொல்லி, தானே ஏறி, கிளிப்பச்சையில் அரக்கு பார்டர் போட்ட சேலையை இறக்கினார். கடைப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். சாயங்காலத்துக்குள் செய்தி தேனாம்பேட்டைச் சித்தி வீட்டைத் தாண்டி, திருநெல்வேலிக்குப் போய், அங்கிருந்து வாழ்த்தாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது.

சரண்யா மாடியிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்தபோது சண்முகவடிவு வாசலிலேயே நிறுத்தித் திருஷ்டி கழித்தாள். உட்காரவைத்துக் குங்குமப்பூ போட்ட பால் கொடுத்தாள். எத்தனை நாள் தள்ளியிருக்கிறது என்று காதோடு கேட்டாள். சரண்யாவுக்கு விஷயம் புரிய ஒரு நிமிஷம் ஆனது; புரிந்ததும் கணவனைத் தேடினாள். அவன் குளியலறையில் இருந்தான். அன்று வெகுநேரம் குளித்தான்.

வேறு வழியில்லை. இன்னும் ஒன்றும் இல்லை, இது வருவதற்கு முன்னால் சாப்பிடுகிற மாத்திரை என்று சரண்யா சொல்லிவிட்டாள்.

அண்ணாச்சி முதலில் நினைத்தது சேலையை. மஞ்சள் தடவியாகிவிட்டது. ரேக்கில் இருந்தால் ஆவணி முகூர்த்தத்துக்கு நல்ல விலைக்குப் போயிருக்கும். இப்போது போகவும் முடியாது, இருக்கவும் காரணம் இல்லை.

"இல்லாத பிள்ளைக்கு மாத்திரையா? வராத ஆளுக்கு இலை போட்டுச் சோறு வைக்கிற கதையால்லா இருக்கு" என்றார்.

சண்முகவடிவுக்கு அது சகுனக் கேடாகப் பட்டது. பிறக்காத பிள்ளைக்குப் பேர் வைப்பதே தப்பு. இவள் மருந்தே கொடுக்கிறாள். போதாததற்கு மாத்திரை என்றாலே சூடு. இரண்டு வருஷமாக ஒன்றும் தங்காததற்குக் காரணம் இந்தச் சூடுதான் என்று அந்த நிமிஷமே கண்டுபிடித்துவிட்டாள். மாத்திரை வாங்க ஆரம்பித்து இரண்டு வாரம்தான் ஆகிறது என்பது அந்தக் கண்டுபிடிப்பைப் பாதிக்கவில்லை.

"மருந்துக்குன்னே ஒரு சாமி இருக்கிற ஊருல பொண்ணு எடுத்தமே, எங்களச் சொல்லணும்" என்று திருவான்மியூர் மருந்தீஸ்வரரையும் வம்புக்கு இழுத்துவிட்டு, அட்டையை எடுத்துப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

மாத்திரையில் இருக்கிற சத்து கீரையிலும் இருக்கிறது என்று மகன் உளறியதைப் பிடித்துக்கொண்டு, மறுநாள் முதல் கீரைப் படையெடுப்பு ஆரம்பமானது. அரைக்கீரை, சிறுகீரை, முருங்கை, பருப்புக்கீரை. சண்முகவடிவின் கீரைச் சமையலுக்கு ஒரு முறை உண்டு. பெரிய பாத்திரத்தில் தண்ணீர் நிறைய வைத்து, கீரை தன் பெயரை மறக்கும்வரை வேகவைத்து, பச்சை வாசனை போகத் தண்ணீரை ஒட்டப் பிழிந்துவிட்டு, மிச்சத்தைத் தாளிப்பாள். பிழிந்த தண்ணீரும் வீண்போகாது. அண்ணாச்சி உப்பும் மிளகும் போட்டுக் குடித்துவிடுவார். காசு கொடுத்து வாங்கிய எதையும் சாக்கடையில் ஊற்ற அவர் சம்மதித்ததில்லை.

சரண்யா நினைத்திருந்தால் வேறு அட்டை வாங்கி ஒளித்துச் சாப்பிட்டிருக்கலாம். வெங்கடேஷ் அதைத்தான் சொன்னான். தள்ளுபடி இல்லாத கடையிலேயே வாங்கித் தருவதாகக்கூடச் சொன்னான். அவள் மறுத்துவிட்டாள். ஒருமுறை ஒளித்து வாங்கியதில் ஊர் முழுக்க வாழ்த்து வந்தது, மறுமுறை ஒளித்தால் தொட்டிலே வந்துவிடும் என்றாள். பிறகு ஹாலுக்கு வந்து, மாமனார் மாமியார் இருவர் முன்னாலும் நின்று சொன்னாள்:

"மாத்திரை திரும்பி வந்து, முழுசா மூணு மாசம் சாப்பிட்ட பிறகுதான் மாமா பிள்ளைப் பேச்சு. அதுவரைக்கும் கடையடைப்பு."

கடையடைப்பு என்றால் என்னவென்று அந்த ஹாலில் வெங்கடேஷுக்கு மட்டும்தான் முழுசாகப் புரிந்தது. அவன் முகம் வாடியதைப் பார்த்து மற்ற இருவருக்கும் தாமதமாகப் புரிந்தது.

ஒரு வாரம் இப்படிப் போனது. தொலைபேசி ஓயவில்லை. எத்தனையாவது மாசம், வாந்தி இருக்கிறதா, மாங்காய் அனுப்பவா. சண்முகவடிவு ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பதில் சொல்லி, யாருக்கு என்ன சொன்னோம் என்று மறந்து தவித்தாள். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் கிளிப்பச்சைச் சேலை அண்ணாச்சியைப் பார்த்துச் சிரித்தது. கடைசியில் அவர் வியாபாரி செய்வதைச் செய்தார். எதிராளியோடு நேரில் பேசி முடித்துவிடுவது என்று கிளம்பினார்.

"டாக்டரம்மாவப் பாத்துப் பேசிருவோம். மூணு மாசம்ங்கிறது சொல்லுத விலைதான. முடிக்கிற விலை ஒண்ணு இருக்கும்லா" என்றார் மனைவியிடம்.

நால்வரும் காரில் அடையாறு போனார்கள். வண்டி நிறுத்தக் காசு கேட்டவனிடம் அண்ணாச்சி பேரம் பேசிக் கொஞ்சம் உடம்பைச் சூடுபடுத்திக்கொண்டார்.

டாக்டர் வைதேகி மயிலாப்பூரில் பிறந்தவர். மாடவீதிக் காய்கறிக்காரர்களிடம் பயிற்சி பெற்ற வாய். அண்ணாச்சி உட்கார்ந்ததும் முதல் காயை நகர்த்தினார். இந்த மாத்திரை நல்ல சரக்கு என்று எப்படி நம்புவது? அட்டையே வடை விலைதான். ஒசந்த பொருளை இந்த விலைக்கு எவனாவது தருவானா?

விலையை உயர்த்தினால் நம்புவீர்களா என்று கேட்டார் டாக்டர். மாத்திரை விலை தன் கையில் இல்லை, ஆனால் தன் ஃபீஸை இரண்டு மடங்கு ஆக்க முடியும், அதனால் நம்பிக்கை வருமென்றால் இப்போதே செய்கிறேன் என்றார். அண்ணாச்சி அந்தக் காயைப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

அடுத்து சண்முகவடிவு வந்தாள். சூடு கிளப்புகிற மாத்திரைக்குப் பதிலாகத்தான் தினமும் கீரை கொடுக்கிறோமே, பழசைக் கொடுத்துப் புதுசு வாங்குவதில்லையா, அதுபோலக் கணக்கை நேர்செய்துகொள்ளக் கூடாதா? மாத்திரையில் சூடும் இல்லை, குளிரும் இல்லை என்று சொல்லிவிட்டு, எப்படிச் சமைக்கிறீர்கள் என்று டாக்டர் கேட்டார். சண்முகவடிவு பெருமையாக ஒவ்வொரு கட்டமாகச் சொன்னாள். கேட்கக் கேட்க டாக்டரின் புருவம் ஏறிக்கொண்டே போனது. அந்தச் சத்து சூட்டில் அழியும், மிச்சம் தண்ணீரில் கரைந்து இறங்கிவிடும் என்றார். மூடிவைத்து, கொஞ்சம் தண்ணீரில், சட்டென்று வேகவைத்து இறக்க வேண்டும். அப்படிச் செய்தாலும் இப்போதைக்கு மாத்திரைக்குத் துணைதான், மாற்று இல்லை.

"அந்தத் தண்ணிய என்ன பண்றேள்?" என்று கேட்டார்.

"இவிய குடிச்சிருவாவ."

டாக்டர் அண்ணாச்சியை ஏற இறங்கப் பார்த்தார். "அப்போ வளைகாப்பை இவருக்குப் பண்ணிடுங்கோ. சத்தெல்லாம் அங்கதான் போயிருக்கு."

வெங்கடேஷ் இருமினான். சரண்யா கைப்பைக்குள் எதையோ தேடினாள். அண்ணாச்சி மட்டும் தன் வயிற்றை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

சிரிப்பு அடங்கியதும் அவர் தன் பெரிய வாதத்தை எடுத்தார். பிள்ளை உண்டான பிறகு சாப்பிடட்டும், எவன் தடுத்தான்? சரக்கே வராமல் எதற்கு வாடகை? டாக்டர் நாலு வாரக் கணக்கைத் திரும்பவும் விளக்கினார். அண்ணாச்சி தலையாட்டினார், ஏறவில்லை. அப்போது சரண்யா திரும்பி உட்கார்ந்தாள். கேமரா முன்னால் முந்தியை எடுத்துக் காட்டும்போது வருகிற குரல் அது.

"மாமா, தீபாவளிச் சரக்கு எப்ப எடுப்பீங்க?"

"ஆடி முடியுததுக்குள்ள."

"கூட்டம் கடைக்குள்ள வந்து நின்ன பிறகு காஞ்சிபுரத்துக்கு ஆள் அனுப்பினா?"

"நாறிப் போவும்." சொல்லிவிட்டு அண்ணாச்சி சுதாரித்துக்கொண்டார். இத்தனை வருஷம் கல்லாவில் உட்கார்ந்தவர் ஒரு அடியில் விழுவாரா? "அது சரி மருமகளே. தீபாவளிக்குத் தேதி காலண்டர்ல இருக்கு. ஒம் பிள்ளைக்கு எந்தக் காலண்டர்ல தேதி போட்டிருக்கான்?"

"அதைத்தான் மாமா நானும் சொல்றேன். தேதி தெரியாத தீபாவளி. எப்பவும் கையில சரக்கு இருக்கணும்."

அண்ணாச்சிக்கு அடிபட்டது தெரிந்தது. ஆனால் வியாபாரி பொருளை ஒப்புக்கொண்டால் உடனே விலைக்கு வந்துவிடுவான். அவர் மேஜைமேல் முழங்கையை ஊன்றி, குரலைத் தாழ்த்தினார்.

"சரி டாக்டரம்மா. சரக்கு வேணும், ஒத்துக்கிடுதேன். மூணு மாசத்த ஒண்ணாக்குங்க. வீட்டுல இருக்க முடியல, ஊரு பூரா போன் அடிக்கான்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "எனக்குக் கூரைப்புடவை உங்க கடைலதான் எடுத்தோம். அம்மா ஒரு அம்பது ரூபா குறைக்கச் சொன்னா. நீங்க ஒண்ணும் பேசலை, தலைக்கு மேல கையைக் காட்டினேள். நாங்களும் பலகையைப் படிச்சுட்டுப் பணத்தைக் கொடுத்தோம். இங்க பலகை மாட்ட இடம் இல்லை. விலை அதேதான்."

எல்லோரும் எழுந்துவிடுவார்கள் என்று தோன்றிய நேரத்தில் சண்முகவடிவு கேட்டாள். மேஜையைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்.

"கெரகணத்துல வெளிய வந்தா முதுகு மூடாமப் பொறக்குமா?"

அண்ணாச்சி, "வடிவு" என்றார். அவ்வளவு மெதுவாக அவர் எந்த விலையையும் சொன்னதில்லை.

டாக்டர் மகனையும் மருமகளையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பிறக்காது என்றார். கத்தியை எடுத்ததாலா என்றாள். அதனாலும் இல்லை. கிரகணம் வந்தபோது எத்தனையாவது மாதம் என்று அவர் கேட்டார்.

"அஞ்சு முடிஞ்சு ஆறு. வெண்டைக்காய்தான் நறுக்கினேன். இவிய வெளியூர் போறாவன்னு."

"முதுகு மூடற வேலை முதல் மாசத்துலயே முடிஞ்சு போயிடும்மா. ஆறாம் மாசத்துல கிரகணம் வந்தா என்ன, சூரியனே கீழே விழுந்தா என்ன? அந்தக் கதவு அதுக்கு முன்னாடியே மூடாம இருந்திருக்கு."

சண்முகவடிவு விரலை மடக்கி எண்ணினாள். ஒன்று மடக்கினாள், பிறகு இரண்டு, மூன்று என்று ஆறு வரைக்கும் போய், மறுபடியும் முதல் விரலுக்கே வந்தாள். கடைக்காரன் பெண்டாட்டி. சரக்கு லாரியில் போய்ச் சேர்ந்து ஐந்து மாதம் கழித்துப் பெய்த மழையால் சரக்கு நனையாது என்று அவளுக்குத் தெரியும். அண்ணாச்சிக்கும் தெரியும். அந்தக் கணக்கை இத்தனை வருஷமாக யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

"பெறவு எதுனால?" என்று கேட்டாள்.

இதனால்தான் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார் டாக்டர். சத்து போதாமல் இருந்திருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். வெண்டைக்காயால் இல்லை. அந்தக் காலத்தில் முன்கூட்டியே மாத்திரை சாப்பிடு என்று அவளுக்கு யாரும் சொல்லவும் இல்லை.

சண்முகவடிவு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மருமகளை அப்போதுதான் பார்ப்பவள்போலப் பார்த்தாள். இவளுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் மாத்திரையைத் திரும்பக் கேட்டுச் சண்டை போட்டிருக்கிறாள். அந்தக் காரணத்தை மட்டும் ஒரு தடவைகூட வாயில் எடுக்கவில்லை.

பேச்சு நின்ற இடத்தை அண்ணாச்சியால் தாங்க முடியவில்லை. அமைதி வந்தால் அவருக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் விலை கேட்பதுதான். "அப்ப ஒரு ரெண்டு மாசம்னு..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்க. கேட்ட விலையக் குடுத்துட்டு எந்திரிங்க" என்றாள் சண்முகவடிவு.

அண்ணாச்சி எழுந்தார். வண்டி நிறுத்தக் காசு வாங்குபவனிடம் அவன் முதலில் கேட்ட காசையே கொடுத்தார். மிச்சத்தைத் திருப்பித் தர வந்தவனை வேண்டாம் என்று தடுத்தார். வெண்டைக்காய் அன்றைக்கு அவருக்காகத்தான் நறுக்கப்பட்டது.

அன்றே பீரோ திறந்தது. மாத்திரை அட்டை வெளியே வந்து பூஜை அலமாரிக்குப் போனது. முருகனுக்கும் விபூதித் தட்டுக்கும் நடுவில், ஓரத்தில் ஒரு குங்குமப் பொட்டோடு. சூடு கிளப்பும் விஷமாக இருந்த பொருள் ஒரே நாளில் பிரசாதமாகிவிட்டது. தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு சண்முகவடிவு தன் கையால் பிய்த்துக் கொடுத்து, மருமகள் விழுங்கித் தண்ணீர் குடிக்கும்வரை நகராமல் நிற்பாள். நடுவில் விட்டுப்போனதால் முன்பு சாப்பிட்ட நாட்களைச் சேர்க்காமல், எண்ணிக்கையை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்றும் அவளே தீர்ப்புச் சொன்னாள். வெங்கடேஷ் ஏதோ சொல்ல வந்தான். அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் குளிக்கப் போய்விட்டான்.

கீரை இப்போது மூடிபோட்ட பாத்திரத்தில் சட்டென்று வேகிறது, பிழிவது கிடையாது. இதில் நஷ்டம் அண்ணாச்சிக்குத்தான். மிளகுபோட்ட தண்ணீர் நின்றுபோயிற்று. அவர் ஒரு படி மேலே போய், கடையில் வேலை பார்க்கும் பெண்கள் எல்லோருக்கும் மஞ்சள் மாத்திரையை மொத்தமாக வாங்கிப் போட்டால் பெட்டிக்கு என்ன விலை வரும் என்று யோசிக்க ஆரம்பித்தார். சரண்யா தலையில் அடித்துக்கொண்டாள். முதலாளி கையால் அந்த மாத்திரையைக் கொடுத்தால் தி. நகர் என்ன பேசும் தெரியுமா என்றாள். வேண்டுகிறவர்கள் டாக்டரைக் கேட்டுச் சாப்பிடட்டும், நீங்கள் நாலு மணிக்குக் கொடுக்கும் எண்ணெய் பஜ்ஜியை மாற்றுங்கள் போதும் என்றாள். அதிலிருந்து கடையில் கொண்டைக்கடலைச் சுண்டல். பெண்கள் ஒரு வாரம் முணுமுணுத்தார்கள். பஜ்ஜியை நிறுத்தியதால் முதலாளி நஷ்டத்தில் இருக்கிறார் என்று ஒரு வதந்தியும் கிளம்பி அடங்கியது.

முதல் அட்டை தீர்ந்தபோது அடுத்ததை வாங்க அண்ணாச்சியே தெருவைக் கடந்தார். தௌசீஃப் முகத்தில் கொஞ்சம் குற்ற உணர்ச்சி. அட்டையை எடுத்து வைத்து விலையைச் சொன்னார். அண்ணாச்சி சட்டைப் பையிலிருந்து அந்தக் காசை எடுத்து, சரியாக அந்தக் காசை, கல்லாமேல் வைத்தார். குறைக்கச் சொல்லவில்லை. தள்ளுபடியை நினைவூட்டவில்லை. தௌசீஃப் காசைப் பார்த்தார், அண்ணாச்சியைப் பார்த்தார், ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"இன்னா அண்ணாச்சி, ஒடம்பு சரியில்லியா? குந்து நைனா, பிரஷர் பாத்துர்றேன்."

"ஒடம்புக்கு ஒண்ணுமில்ல பாய். கேட்ட விலை சரியாத்தான் இருக்கு."

தௌசீஃப்புக்கு அது பொறுக்கவில்லை. இதில் ஏதோ சூழ்ச்சி இருக்க வேண்டும் என்று பயந்து, அவராகவே பத்து சதவீதத்தைக் குறைத்து மிச்சத்தைக் கையில் திணித்தார். அண்ணாச்சி அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. விலை பேசாமல் நிற்பதாலும் விலை குறையும் என்ற உண்மையை அந்த வயதில் கற்றுக்கொண்ட அதிர்ச்சியோடு தெருவைக் கடந்தார்.

பச்சைச் சேலை பெட்டியிலேயே இருக்கிறது. முன்பெல்லாம் திறக்கும்போது அதைப் பார்த்தால் அவருக்கு வயிறு எரியும். இப்போது ஓரத்தை ஒருமுறை தடவிவிட்டு மூடிவிடுகிறார். ஆடியில் எடுத்த சரக்கு.

தொலைபேசி மட்டும் இன்னும் ஓயவில்லை. போன வாரம் தேனாம்பேட்டைச் சித்தி மறுபடியும் கூப்பிட்டாள். வளைகாப்புக்குத் தேதி குறித்தாயிற்றா, இப்போது எத்தனையாவது மாசம் என்று கேட்டாள். சண்முகவடிவு அடுப்பில் கீரையை மூடிவிட்டு, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, வெண்டைக்காயை அரிவாள்மணையில் நறுக்கியபடியே பதில் சொன்னாள்.

"ரெண்டு முடியப் போவுது."

"பிள்ளைக்கா?"

"மாத்திரைக்கு."